கடன் வாங்குமுன் உதவி நிதியைக் கேளுங்கள்



எங்கள் புளோக்கில் ஒரு பேருந்து ஓட்டுநர். மகளுக்கு இங்கே சிங்கப்பூரிலேயே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. "அண்ணே, என் மத்திய சேமநிதியிலிருந்து எடுத்துக் கட்டிவிடலாமென்று இருக்கிறேன்" என்றார். உதவி நிதிக்கு எழுதிப் போட்டீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தானே?" என்றார்.

இந்த ஒரு குழப்பத்தால் நம்மவர்கள் எத்தனையோ பேர் விண்ணப்பிப்பதே இல்லை. உபகாரச் சம்பளம் வேறு, உதவி நிதி வேறு. முன்னது பெரும்பாலும் மதிப்பெண்ணைப் பார்த்துத் தருவது. பின்னதற்கு முக்கியமாகப் பார்ப்பது குடும்ப வருமானத்தை. கல்வி அமைச்சின் உதவி நிதியைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. வேலை ஒப்பந்தமும் கிடையாது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்குக் கட்டண மானியம் தானாகவே கழிக்கப்பட்டுவிடும். உதவி நிதியோ நாம் கேட்டால்தான் வரும்.

அவர் மனைவிக்கோ கூச்சம். "கையேந்துகிற மாதிரி இருக்கிறதே" என்றார். அம்மா, 1991இல் தொடங்கிய சிண்டாவுக்கு மாதாமாதம் நம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அதுவும் வசதி குறைந்த மாணவர்களுக்கு உதவி நிதி தருகிறதே, அது யார் பணம் என்று கேட்டேன். பதில் இல்லை.

பிறகு கணக்குக்கு வந்தோம். கணவருக்கு 3,600 வெள்ளி, மனைவிக்கு 1,400. மொத்தம் 5,000. நான்கு பேர், தலைக்கு 1,250 என்று எழுதியிருந்தார். உள்ளறையில் பாட்டி இருமினார். பாட்டியையே விட்டுவிட்டாரே மனிதர்! வருமானம் இல்லாவிட்டாலும் ஒரே வீட்டில் வசிக்கும் பாட்டியும் கணக்கில் ஒருவர்தான். ஐந்தால் வகுத்தால் 1,000 வெள்ளி. தலைக்கு வருமானம் குறைவாக இருந்தால் கிடைக்கும் தொகை கூடும். வரம்புகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள், ஆகவே பழைய தாளைப் பார்த்து நமக்குக் கிடைக்காது என்று முடிவு கட்டாதீர்கள்.

சேமநிதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அது கடன். பட்டம் பெற்ற ஓராண்டுக்குப் பின் மகள் அதை வட்டியோடு தகப்பனார் கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டும். இவர் அதை அறிந்திருக்கவில்லை. "என் பணம்தானே" என்றே நினைத்திருந்தார். பல்கலைக்கழகக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை தரும் கட்டணக் கடனும் இருக்கிறது. படிக்கும் காலத்தில் அதற்கு வட்டி இல்லை. உதவி நிதி போக மீதிக்கு எந்தக் கடன் என்று பிறகு யோசிக்கலாம்.

அந்தப் பெண்ணுக்கு உதவி நிதி கிடைத்தது. முழுக் கட்டணமும் அதில் அடங்கவில்லை, மீதிக்குக் கட்டணக் கடன் எடுத்தார்கள். சேமநிதியில் கை வைக்கவில்லை.

இப்போது அவர் மகன் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் சேர்கிறான். இம்முறை தகப்பனார் என்னிடம் வரவில்லை. பாட்டியின் அடையாள அட்டை நகலோடு நேரே அங்கே போய்விட்டாராம்.