கடுதாசி இல்லாமல் வாசித்தல்
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இச்சங்கத்தின் காரியதரிசி சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்து, "நீங்கள் சங்கீதத்தைப் பற்றி ஏதாவது பேச வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார். ஜாஸ் என்ற அமெரிக்க சங்கீதத்தைப் பியானோவில் எப்படித் தொடங்குவது என்று சொல்ல எனக்கு ஆசை என்றேன். அவர் சற்றுத் தயங்கினார். பிறகு, "பெரியவர்களும் வருவார்கள், விளங்கும்படி சொல்லுங்கள்" என்றார். ஆகவே, இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்கள் பொறுமையோடு கேட்க வேண்டுமென முதலிலேயே விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

நான் வித்துவான் அல்லன். கணக்குப் பதிந்து சம்பளம் வாங்கி ஓய்வுபெற்றவன். சிறுவயதில் எட்டு வருடம் பியானோ படித்தேன். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பேன், பரீட்சைகளிலும் தேறினேன். பதினான்கு வயதில் ஒரு கலைவிழா மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போது, விசிறிக் காற்றில் புத்தகத்தின் தாள் புரண்டுவிட்டது. என் கைகள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டன. மனத்தில் ஒரு சுரமும் இல்லை. எழுந்து போய்விட்டேன். அன்று எனக்குக் கற்பித்தவர், "நீ மூன்றாம் பக்கத்தை இன்னும் நூறு முறை வாசித்திருக்க வேண்டும்" என்றார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் நோய் மூன்றாம் பக்கத்தில் இருக்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று பின்னர் நடந்தது. ஐயா நோயாகக் கிடந்த காலத்தில் ஒரு நாள் பின்னேரம், தமக்குப் பிடித்த பழைய சினிமாப் பாட்டு ஒன்றைச் சொல்லி, "அதை ஒருக்கா வாசி, கேப்பம்" என்றார். "நோட்ஸ் இல்லை ஐயா" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "இவ்வளவு காசு கட்டிப் படிச்சும், கடுதாசி இல்லாட்டி கை வராதோ?" என்று கேட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். பாட்டு எனக்கு நன்றாகத் தெரியும், வாயால் பாடவும் வரும். விரலுக்குத்தான் அது போய்ச் சேரவில்லை. அவர் காலமான பின்னும் அந்தக் கேள்வி என்னோடு இருந்தது.

அதற்குச் சில வருடங்களுக்குப் பின்னர் கொழும்பில் ஒரு முதியவரைச் சந்தித்தேன். பறங்கிய வகுப்பினர், முன்னாளில் ஹோட்டல் வாத்தியக் குழுக்களில் பியானோ வாசித்துப் பிழைத்தவர். 1958ஆம் ஆண்டில் டேவ் புறூபெக் என்ற அமெரிக்கப் பியானோக்காரர் தமது குழுவோடு இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து வாசித்தபோது, இவர் வாலிபராயிருந்து கேட்டவர். அவர் என்னை வாசிக்கச் சொன்னார். நான் புத்தகத்தை விரித்தேன். அவர் அதை மூடித் தம் மடியில் வைத்துக்கொண்டார். "இனி வாசியும்" என்றார். நான் இன்று சொல்லப்போகிற பயிற்சிகளில் பாதிக்கு மேல் அவர் சொல்லித் தந்தவை.

ஜாஸின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் சந்ததியார், வயல்வேலைப் பாட்டையும், கோயில் பாட்டையும், புளூஸ் என்னும் துயரப் பாட்டையும், இராணுவ வாத்தியங்களையும் ஒன்றாகப் பிசைந்து ஆக்கியது இது. நியூ ஓர்லியன்ஸ் நகரமே இதன் தொட்டில். பியானோவில் இதற்கு முன்னோடியாக ராக்டைம் இருந்தது. ஸ்கொற் ஜொப்லினின் 'மேப்பிள் லீவ் ராக்' 1899இல் அச்சாயிற்று. நியூ ஓர்லியன்ஸ் பியானோக்காரர் ஜெலி ரோல் மோர்ட்டன், ஜாஸைத் தாமே 1902இல் கண்டுபிடித்ததாகப் பிற்காலத்தில் சாதித்தார். எங்கள் ஊரில் யாராவது அப்படிச் சொன்னால் பின்வரிசையில் சிரிப்பார்கள். ஆனால் மனிதர் வாசிப்பைக் கேட்டால் சிரிப்பு அடங்கிவிடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஹார்மோனியம் தெரிந்தவர்கள் 'ஒரு கட்டை' என்று சொல்லும் வெள்ளைக் கட்டையை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். மேல்நாட்டார் அதை 'சி' என்பர். அங்கிருந்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அமுக்கினால் ச ரி க ம ப த நி, எங்கள் சங்கராபரணம், கிடைக்கும். இதிலே ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு சுரங்களை ஒருமிக்க அமுக்குங்கள். ச-க-ப-நி ஒரு கூட்டு. ரி-ம-த-ச இன்னொரு கூட்டு. ப-நி-ரி-ம மற்றொன்று. 'கோட்' என்று அவர்கள் சொல்வது இதுதான். நான் சுரக்கூட்டு என்று சொல்லப்போகிறேன்.

எங்கள் சங்கீதத்தில் தம்புரா ஒரே சுருதியைச் சொல்லிக்கொண்டிருக்கும், பாடுகிறவர் அதன்மேல் உலாவுவார். அவர்கள் சங்கீதத்தில் பாடுகிறவரின் காலுக்குக் கீழே நிலமே மாறிக்கொண்டிருக்கும். ஷட்ஜத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு, கீழே கூட்டை மாற்றிப் பாருங்கள். ச-க-ப-நியின்மேல் அது வீட்டுத் தலைவன். ரி-ம-த-சவின்மேல் அது நான்காம் ஆள், சற்றே ஏக்கத்தோடு நிற்கும். ஒரே மனிதர் வீட்டிலே மருமகன், கந்தோரிலே லிகிதர் என்பதுபோல. சுரம் மாறவில்லை, அதன் உறவு மாறிவிட்டது. இந்த உறவு மாற்றத்தைக் காது உணரத் தொடங்கும் நாளே ஜாஸ் படிப்பின் முதல் நாள்.

மேலே சொன்ன மூன்று கூட்டுகளையும் ரி, ப, ச என்ற வரிசையில் வாசித்தால், ஜாஸ் பாட்டுகளில் எங்கு பார்த்தாலும் வருகிற ஓர் ஓட்டம் கிடைக்கும். நான்கு சுரங்களையும் அமுக்கத் தொடக்கத்தில் கை தடுமாறும். அந்த முதியவர் எனக்குச் சொன்ன வழி இது. இடக்கையில் அடிச்சுரம் மட்டும்: ரி, பின் ப, பின் ச. வலக்கையில் இரண்டே சுரம். முதற் கூட்டுக்கு ம-வும் மேல் ச-வும். இரண்டாவதற்கு ம அப்படியே இருக்க, ச மட்டும் இறங்கி நி ஆகும். மூன்றாவதற்கு நி அப்படியே இருக்க, ம மட்டும் இறங்கி க ஆகும். ஒவ்வொரு முறையும் ஒரு விரல்தான் ஓரடி நகர்கிறது. இதை முதல்முறை வாசித்தபோது, முப்பது வருடம் பூட்டியிருந்த அறையின் திறப்பு என் சட்டைப் பையிலேயே இருந்தது போலத் தோன்றியது.

அடுத்தது புளூஸ். பன்னிரண்டு அளவுகள், அளவுக்கு நான்கு அடி, மொத்தம் 48 அடி. ஆதிதாளத்து எண்ணிக்கையில் ஆறு ஆவர்த்தனம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். முதல் நான்கு அளவும் ச-வின் கூட்டு. பின் இரண்டு அளவு ம-வின் கூட்டு. இரண்டு அளவு திரும்பவும் ச. ஒன்பதாவது ப, பத்தாவது ம, கடைசி இரண்டும் ச. இவ்வளவே. முடிந்ததும் முதலுக்குப் போவது.

இங்கே கூட்டுகளின் நிஷாதம் சற்று இறங்கியிருக்கும். ச-வின் கூட்டில் வெள்ளை நி-க்குப் பதில் அதற்கு இடப்பக்கத்துக் கறுப்பு நி, அதாவது கைசிகி நிஷாதம் வரும். இடக்கையில் க-வையும் அந்தக் கறுப்பு நி-யையும் மட்டும் பிடியுங்கள். இது ச-வின் கூட்டு. இரண்டு விரலையும் அடுத்த கட்டைக்கு, கறுப்பாயினும் வெள்ளையாயினும், இடப்பக்கம் ஒரு கட்டை நகர்த்துங்கள். கறுப்பு க-வும் த-வும் வரும், அது ம-வின் கூட்டு. திரும்ப வந்து வலப்பக்கம் ஒரு கட்டை நகர்த்துங்கள். ம-வும் வெள்ளை நி-யும் வரும், அது ப-வின் கூட்டு. முழு புளூஸும் இரண்டு விரலில் அடங்கிவிட்டது. அடிச்சுரம் இல்லையே என்பீர்கள். குழுவில் அதைப் பெரிய பாஸ் வாத்தியக்காரர் பார்த்துக்கொள்வார். வீட்டில் தம்பியையோ தங்கையையோ கட்டைகளின் இடது ஓரத்தில் இருத்திவிடலாம்.

தாளத்தில் ஓர் எச்சரிக்கை. எங்கள் கை முதலாம் அடியில்தான் விழப் பார்க்கும். இவர்கள் இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் தட்டுவார்கள். பழகும்வரை தலை சுற்றும். அன்றியும் ஓர் அடியை இரண்டாகப் பிரித்தால், முன்பாதி நீண்டும் பின்பாதி குறுகியும் நடக்கும். எத்தனை நீளம் என்று எழுதிக் காட்ட முடியாது. கவுண்ட் பேசியின் குழுவைக் கேட்டே பிடிக்க வேண்டும்.

இப்போது கற்பனை. வலக்கைக்கு மூன்று சுரம் மட்டும் தருகிறேன்: ச, கறுப்பு க, ம. இரண்டு அளவு வாசியுங்கள், இரண்டு அளவு சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் கடினம். என் முதியவர் அந்த இரண்டு அளவிலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். "கேட்டாயிற்று, பதில் வரட்டும்" என்பார். வாசிக்குமுன் வாயால் பாடுங்கள். பாட வராததை விரல் வாசித்தால் அது விரலின் பழக்கமேயன்றி உங்கள் கற்பனையன்று. மூன்று சுரம் வசமானபின் ப-வையும் கறுப்பு நி-யையும் சேருங்கள். ச க ம ப நி, எங்கள் சுத்த தன்யாசியின் சுரங்கள்தான். ஆனால் அது சுத்த தன்யாசி என்று நான் சொல்லவில்லை. இராகம் சுரப்பட்டியல் அன்று என்பது இங்கே பாடுகிற பெண்பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மேலும், இடக்கை அந்தர காந்தாரத்தைப் பிடித்திருக்கும்போதே வலக்கை சாதாரண காந்தாரத்தை மோதும். எங்கள் கச்சேரியில் அப்படிச் செய்தால் வித்துவானை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். புளூஸின் கண்ணீர் அந்த மோதலில்தான் இருக்கிறது. பியானோவில் கமகம் பிடிக்க இயலாது. ஆகையால் கறுப்பு க-விலிருந்து வெள்ளை க-வுக்கு விரலை வழுக்கிவிட்டு, குரலின் குழைவை நினைவூட்டுவார்கள்.

இராக வழியில் இன்னும் நெருங்கி வருகிற ஒன்றும் உண்டு. 1959இல் மைல்ஸ் டேவிஸ் 'கைண்ட் ஒவ் புளூ' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். அதில் பெரும்பாலும் பியானோ வாசித்தவர் பில் எவன்ஸ். முதற் பாட்டான 'சோ வட்'டில் கூட்டுகளின் ஓட்டமே இல்லை. ரி-யை ஆதாரமாக்கி வெள்ளைக் கட்டைகளில் பதினாறு அளவு, அரைச்சுரம் மேலே ஏறி எட்டு அளவு, திரும்ப இறங்கி எட்டு அளவு. ரி-யிலிருந்து ரி வரை வெள்ளைக் கட்டைகளை அமுக்கிப் பாருங்கள். கரகரப்பிரியாவின் சுரங்கள் கேட்கும். எங்கள் பிள்ளைகளுக்கு ஜாஸில் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

பிழை விட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்பார்கள். ஹெர்பி ஹான்கொக் என்பவர் 1960களில் மைல்ஸ் டேவிஸின் குழுவில் பியானோ வாசித்தவர். பதினொரு வயதில் சிக்காகோ சிம்பனியோடு மொசார்ட் வாசித்த பிள்ளை. ஐரோப்பாவில் ஒரு கச்சேரியில் இதே 'சோ வட்'டை வாசிக்கும்போது, மைல்ஸின் தனிவாசிப்பு நடுவில் முற்றிலும் தப்பான கூட்டொன்றை அடித்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். காதைப் பொத்திக்கொள்ள நினைத்தாராம். மைல்ஸ் ஒரு கணம் நிறுத்தி, பின் சில சுரங்களை ஊதினார். அந்தச் சுரங்கள் தப்பான கூட்டைச் சரியான கூட்டாக்கிவிட்டன. அவர் அதைப் பிழை என்று கேட்கவில்லை, நடந்த ஒன்றாகக் கேட்டார் என்பது ஹான்கொக்கின் விளக்கம்.

இந்தக் கதையைச் சொல்லி, எதையும் அடிக்கலாம் என்று வாலிபர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. சார்லி பார்க்கர் பதினாறு வயதளவில் கன்சாஸ் நகரத்து மேடையொன்றில் தடம் புரண்டபோது, தாளவாத்தியக்காரர் ஜோ ஜோன்ஸ் வெண்கலத் தட்டைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தார் என்பார்கள். பையன் அழுதுகொண்டு போனான். அடுத்த கோடையில் மலைப்பக்கம் போய், லெஸ்ரர் யங்கின் இசைத்தட்டுகளைக் கூடவே வாசித்து வாசித்து மனனம் செய்துகொண்டு திரும்பினான். அவன் வாசித்தது சக்ஸபோன், பியானோ அன்று. ஆனால் வழி ஒன்றே. எட்டு அளவை மட்டும் எடுத்து, பாடும்வரை கேட்டு, பின் கட்டையில் தேட வேண்டும். இப்போது கைத்தொலைபேசியில் வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம். எங்கள் முதியவர் றெக்கோட் ஊசியைக் கையால் தூக்கித் தூக்கி வைத்துத் தட்டையே தேய்த்துவிட்டாராம்.

ஐயா கேட்ட பாட்டை இப்போது நான் வாசிப்பேன். சங்கராபரணத்தில் ஒரு பாட்டாக அல்ல, மேலே சொன்ன ரி, ப, ச ஓட்டத்தை அடியில் வைத்து, இரண்டாம் முறை சற்று மாற்றி, மூன்றாம் முறை இன்னும் சற்று மாற்றி. சில நாட்களில் நன்றாக வரும், சில நாட்களில் வராது. ஆனால் கடுதாசி வேண்டியதில்லை.

நேரம் போய்விட்டது, அக்கிராசனர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். இந்த மேசையில் இருப்பது 61 கட்டை உள்ள சாதாரண மின்வாத்தியம். மேல் ரி ஒன்று வேலை செய்யாது, அதை விட்டுவிடுவோம். நான் இடக்கையில் அந்த இரண்டு சுரங்களைப் பிடிக்கிறேன். யாராவது ஒரு தம்பி வந்து இடது ஓரத்தில் அடிச்சுரத்தைப் பாருங்கள், தங்கைமார் யாராவது வலது பக்கத்தில் அந்த மூன்று சுரத்தோடு இருங்கள். சபையார் இரண்டிலும் நான்கிலும் கை தட்டுங்கள். பன்னிரண்டு அளவு, நான் எண்ணிக் கொடுக்கிறேன்.