இஞ்சினீயர் முத்திரையும் பொதுஜனங்களின் உயிரும்

(பொதுக்கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக் கொண்டிருப்பது இஞ்சினீயர்களுக்கு லைசென்சு கொடுக்கும் போர்டு என்பதைப் பற்றியாகும். இதைக் கேட்டதும் உங்களில் சிலர், "இவர் என்ன இஞ்சினீயரா? எந்தக் காலேஜில் படித்தார்?" என்று நினைக்கலாம். நான் எந்தக் காலேஜிலும் படித்தவனல்ல. ஆனால் பாலத்தின்மேல் நடக்கிறவன். மாடி வீட்டுக்கடியில் உட்காருகிறவன். என் பிள்ளையைப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் அனுப்புகிறவன். அந்தக் கூரை விழுந்தால் சாகப்போவது நானும் நீங்களும் நம் பிள்ளைகளும்தானே! அப்படியிருக்க, கட்டுகிறவனுக்கு யோக்கியதை இருக்கிறதா, அதை யார் பார்த்துச் சொன்னார்கள், சொன்னவர்களை யார் நியமித்தார்கள் என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா என்று கேட்கிறேன்.

தோழர்களே! இந்தப் போர்டு என்பது ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. அமெரிக்கா தேசத்தில் வயோமிங் என்று ஒரு மாகாணம். வறண்ட பூமி. அங்கே ஆற்றுத் தண்ணீரை வயலுக்குத் திருப்பவேண்டுமானால் சர்க்காருக்கு மனுப்போட வேண்டும். மனுவோடு கால்வாயின் படமும் அளவும் வைக்க வேண்டும். அந்த மாகாணத்தின் சர்க்கார் இஞ்சினீயராயிருந்த கிளாரன்ஸ் ஜான்ஸ்டன் என்பவர் வந்த படங்களைப் பார்த்தார். வக்கீல் ஒரு படத்தில் இஞ்சினீயர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். பத்திரம் எழுதுகிறவர் இன்னொன்றில் போட்டிருக்கிறார். கேட்பாரில்லை. அதன் மீதுதான் 1907-ஆம் வருஷத்தில் அங்கே சட்டம் செய்து, பரீட்சித்துப் பார்க்க ஒரு போர்டும் வைத்தார்கள். அமெரிக்காவில் இஞ்சினீயருக்கு லைசென்சு என்று வந்த முதல் சட்டம் அதுதான்.

அதே 1907-ஆம் வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி கனடா தேசத்தில் க்யூபெக் பாலம் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் விழுந்து 75 தொழிலாளிகள் செத்தார்கள். இரும்பு வளைந்து கொடுக்கிறது என்பது விழுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே தெரிந்திருந்தும், கடிதம் போவதும் வருவதுமாக இருந்தார்களேயொழிய வேலையை நிறுத்த ஆளில்லை!

ஆனால் மனிதன் பிணத்தைப் பார்த்த பிறகும்கூட உடனே புத்தி கொள்ளுகிறவனா? டெக்சாஸ் மாகாணத்தைப் பாருங்கள். அங்கே நியூ லண்டன் என்று ஒரு ஊர். மண்ணெண்ணெய்க் கிணறுகளால் பணம் கொழித்த ஊர். பெரிய பள்ளிக்கூடம் கட்டினார்கள். கட்டடத்தைச் சூடாக்க எரிவாயு வேண்டும். விலைக்கு வாங்கிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, எண்ணெய் வயலில் வீணாகப் போகிற வாயுவைக் குழாய் போட்டு இழுத்துக்கொண்டார்கள். மாதம் சில நூறு டாலர் மிச்சம்! அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. குழாயில் கசிந்து தரைக்கடியில் நிறைந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. 1937-ஆம் வருஷம் மார்ச் 18-ந் தேதி, பள்ளிக்கூடம் விடுகிற சமயத்தில், தொழில் வகுப்பில் ஒரு மின்சார யந்திரத்தைப் போட்டார்கள். ஒரு பொறி. கட்டடம் மேலே கிளம்பிக் கீழே விழுந்தது. ஏறக்குறைய 300 உயிர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மண்ணாய்ப் போயின.

"விதி" என்று சொல்லி அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அங்கே காரணம் தேடினார்கள். காரணம் தெரிந்ததும் சட்டசபையில் இரண்டு காரியம் செய்தார்கள். ஒன்று, வாயுவில் நாற்றம் பிடித்த மருந்தைக் கலக்க வேண்டும் என்பது. இன்று உங்கள் வீட்டு அடுப்பில் கேஸ் கசிந்தால் குப்பென்று நாறுகிறதே, அதற்கும் இதே மாதிரி மருந்துதான் காரணம். இரண்டு, அதே வருஷத்தில் இஞ்சினீயர்களைப் பதிவு செய்யும் சட்டம். இப்படியாக ஒவ்வொரு மாகாணமாகச் சட்டம் செய்து, கடைசியில் 1947-இல் மாண்டானாவும் சேர, அன்றிருந்த 48 மாகாணங்களிலும் இது அமுலுக்கு வந்தது.

சரி, இந்தப் போர்டு எப்படி அமைகிறது? முதலாவதாக, சட்டசபை சட்டம் செய்கிறது. இஞ்சினீயர் வேலை என்றால் என்ன, லைசென்சு இல்லாதவன் எதைச் செய்யக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லுகிறது. போர்டு விதிகள் செய்யலாம். ஆனால் அந்தச் சட்டத்துக்குள் நின்றுதான் செய்யலாம். வெளியே காலை வைத்தால் கோர்ட்டு கேட்கும்.

இரண்டாவதாக, அங்கத்தினர்கள். டெக்சாஸ் போர்டில் 2019 வரையில் ஒன்பது பேர். ஆறு பேர் இஞ்சினீயர்கள். மூன்று பேர் அந்தத் தொழிலைச் சேராத பொதுஜனங்கள். நியமிப்பவர் கவர்னர், சட்டசபையின் மேல்சபையாகிய செனட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். பதவி ஆறு வருஷம். ஆனால் ஒன்பது பேரும் ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போவதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்று பேர் போக, மூன்று பேர் வருகிறார்கள். ஏன் இப்படி? ஒரு கவர்னர் வந்த உடனே தம் ஆட்களாக ஒன்பது பேரையும் போட்டு நிரப்பிவிடக் கூடாது என்பதற்காக. 2019-இல் நில அளவைக்காரர்களின் போர்டையும் இதோடு சேர்த்து ஒன்றாக்கினார்கள்.

மூன்றாவதாக, பரீட்சை. சாதாரணமாக ஒருவன் அங்கீகாரம் பெற்ற காலேஜில் படிக்க வேண்டும். அடிப்படைப் பரீட்சை ஒன்று எழுத வேண்டும். லைசென்சு பெற்ற இஞ்சினீயரின் கீழ் நான்கு வருஷம் வேலை செய்ய வேண்டும். பிறகு தொழில் பரீட்சை எழுத வேண்டும். மாகாணத்துக்கு மாகாணம் கேள்வி மாறக்கூடாதென்று, 1920-இல் போர்டுகள் எல்லாம் கூடி அமைத்த பொதுச் சபைதான் இன்று பரீட்சையை நடத்துகிறது. தேறியவனுக்கு ஒரு முத்திரை. அவன் முத்திரை விழுந்த படத்துக்கு அவனே ஜவாப்தாரி. தகப்பன் யார், பாட்டன் யார் என்று பரீட்சைத் தாளில் கேள்வி இல்லை என்பதையும் கவனியுங்கள்.

அந்த முத்திரையின் அர்த்தம் என்ன என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் சொல்லுகிறேன். மிசூரி மாகாணத்தில் கன்சாஸ் நகரத்தில் ஒரு பெரிய ஓட்டல். உள்ளே கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளால் தொங்கவிட்ட நடைபாலங்கள். நாலாவது மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாவது மாடிப் பாலம். 1981-ஆம் வருஷம் ஜூலை 17-ந் தேதி, நடனம் நடந்துகொண்டிருந்த கூட்டத்தின்மேல் இரண்டு பாலங்களும் விழுந்தன. 114 பேர் செத்தார்கள்.

ஏன் விழுந்தது? நம் வீட்டு உறியை நினைத்துப் பாருங்கள். விட்டத்திலிருந்து ஒரே கயிறு இறங்கி, மேலே ஒரு பானை, கீழே ஒரு பானை, இரண்டும் அந்தக் கயிற்றிலேயே தனித்தனி முடிச்சில் தொங்கினால், ஒவ்வொரு முடிச்சும் தன் பானையை மட்டும் தாங்கினால் போதும். அப்படிச் செய்யாமல், கீழ்ப் பானையை மேல் பானையின் கழுத்திலேயே கட்டித் தொங்கவிட்டால் என்ன ஆகும்? மேல் முடிச்சு இரண்டு பானைகளின் பாரத்தையும் தாங்க வேண்டும். அங்கே நடந்தது இதுதான். முதலில் போட்ட படத்தில் ஒரே கம்பி. வேலை சுலபமாக வேண்டுமென்று அதை இரண்டு கம்பியாக மாற்றினார்கள். மேல் பாலத்தின் இணைப்பில் பாரம் இரண்டு மடங்காயிற்று. கணக்குப் போட்டுப் பார்க்காமலேயே படத்தில் இஞ்சினீயர் முத்திரை விழுந்தது!

பிறகு என்ன நடந்தது? கிரிமினல் வழக்குப் போடப் போதிய ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் போர்டு விடவில்லை. 1984-இல் புகார் கொடுத்தது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. குற்றம் சாட்டிய போர்டே விசாரித்துத் தீர்ப்பும் சொல்லவில்லை. வேறொரு விசாரணைக் கமிஷன் பல வாரங்கள் விசாரித்து, பெரும் அஜாக்கிரதை என்று 1985-இல் முடிவு சொல்லிற்று. அதன் பேரில் இரண்டு இஞ்சினீயர்களின் லைசென்சு ரத்தாயிற்று. "இணைப்பைக் கணக்குப் பார்ப்பது இரும்பு வேலைக்காரர்கள் பொறுப்பு" என்று அவர்கள் சொன்ன சமாதானத்தை 1988-இல் மேல்கோர்ட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. முத்திரை போட்டவன் பொறுப்பை இன்னொருவன் தலையில் கட்ட முடியாது என்று ஆயிற்று.

இதுவரையில் நல்ல பக்கத்தைச் சொன்னேன். ஆனால் தோழர்களே, ஒரு ஸ்தாபனத்தின் நல்ல பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கைதட்டுகிறவன் பகுத்தறிவுவாதி ஆகமாட்டான். ஜனங்களைக் காப்பாற்ற ஏற்பட்ட போர்டு, தொழில்காரர்களின் வயிற்றைக் காப்பாற்றும் சங்கமாக மாறிவிட்டால் என்ன செய்வது?

இது வெறும் பயமல்ல. வடக்கு கரோலினா மாகாணத்தில் பல் வைத்தியர்களுக்கு ஒரு போர்டு. எட்டு அங்கத்தினர்களில் ஆறு பேர் தொழில் நடத்தும் பல் வைத்தியர்கள்; அந்த ஆறு பேரையும் பல் வைத்தியர்களே ஓட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். கடை வீதியில் சிலர் குறைந்த கூலிக்குப் பல்லை வெளுப்பாக்கும் தொழில் ஆரம்பித்ததும், போர்டு அவர்களுக்கெல்லாம் "நிறுத்து" என்று கடிதம் அனுப்பிற்று. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2015-இல் கோர்ட்டு என்ன சொல்லிற்று? போட்டியில் இருப்பவர்களே போர்டில் பெரும்பான்மையாக உட்கார்ந்து, மேலே சர்க்கார் மேற்பார்வையும் சரியாக இல்லாவிட்டால், சர்க்கார் போர்டு என்ற பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்று சொல்லிற்று. மூன்று நீதிபதிகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆறு பேர் ஒப்புக்கொண்டார்கள்.

இஞ்சினீயர் போர்டிலேயே இன்னொரு சங்கதி. ஆரிகன் மாகாணத்தில் ஒருவருடைய மனைவிக்கு, சிவப்பு விளக்கைத் தாண்டியதாக 2013-இல் அபராதச் சீட்டு வந்தது. அந்த மனிதர் ஸ்வீடன் தேசத்தில் மின்னணு இஞ்சினீயரிங் படித்தவர். மஞ்சள் விளக்கு எத்தனை வினாடி எரிய வேண்டும் என்று 1959-இல் எழுதிய சூத்திரத்தை எடுத்துக் கணக்குப் பார்த்தார். நேரே போகிற வண்டிக்கு அது சரி. திரும்புவதற்காக வேகத்தைக் குறைக்கிற வண்டிக்கு நேரம் போதாது என்று கண்டார். போர்டுக்கு எழுதினார். போர்டு கணக்கைப் பார்த்ததா? இல்லை! "லைசென்சு இல்லாமல் நீ எப்படி இஞ்சினீயர் என்று சொல்லிக்கொள்ளலாம்?" என்று 500 டாலர் அபராதம் போட்டது. அவர் கோர்ட்டுக்குப் போனார். 2018 டிசம்பரில் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. 2020-இல் போக்குவரத்து இஞ்சினீயர்களின் சங்கமே அவருடைய திருத்தத்தைத் தன் வழிகாட்டியில் சேர்த்துக்கொண்டது.

பார்த்தீர்களா தோழர்களே! பாலம் கட்டுகிறவனுக்கு லைசென்சு வேண்டும் என்பது வேறு. பாலம் கோணலாக இருக்கிறது என்று சொல்லுகிறவனுக்கும் லைசென்சு வேண்டும் என்பது வேறு. முன்னது உயிரைக் காப்பது. பின்னது வாயை அடைப்பது. இரண்டும் ஒரே முத்திரைக்குள் ஒளிந்துகொண்டு வரும். பிரித்துப் பார்க்க நமக்குத்தான் தெரியவேண்டும்.

நம் தேசத்துச் சங்கதியையும் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். வக்கீலுக்கு 1961-இல் சட்டம் வந்தது. கட்டடக் கலைஞருக்கு 1972-இல் வந்தது. இஞ்சினீயருக்கோ மசோதாக்கள் எழுதப்பட்டதுண்டு. நாடு முழுவதற்குமான சட்டம் வரவில்லை. ஊராட்சி, நகரசபைகளில் பெயர் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடுகளே இருக்கின்றன. 2014-ஆம் வருஷம் ஜூன் 28-ந் தேதி சென்னைக்கருகில் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் செத்தார்களே, அந்தக் கூலிக்காரர்கள் பாடுபட வந்தவர்களேயொழியப் பலியாக வந்தவர்களா?

ஆகவே, நம்மிடம் என்றைக்காவது ஒரு போர்டு வருமானால், அதை நாம் இப்படிக் கேட்க வேண்டும். உன்னை நியமித்தது யார்? உன்னில் பொதுஜனங்கள் எத்தனை பேர்? புகார் கொடுக்கிறவனும் தீர்ப்புச் சொல்லுகிறவனும் ஒரே ஆளா? உன் விசாரணை வெளிப்படையானதா? தப்புச் செய்தவனின் முத்திரையை இதுவரை எத்தனை தடவை பிடுங்கினாய்? உன்மேல் குற்றம் சொல்லுகிறவனை என்ன செய்தாய்? இத்தனைக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லுகிற போர்டு நமக்கு வேலைக்காரன். பதில் சொல்லாத போர்டு நமக்கு எஜமானன். எஜமானர்கள் நமக்கு இருக்கிறவர்களே போதும். புதிதாக ஒருவர் வேண்டியதில்லை.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசியுங்கள். உங்கள் ஊரில் பள்ளிக்கூடக் கட்டடம் கட்டினால், படத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்று நாளைக்கே போய்க் கேளுங்கள். கேட்பதற்கு லைசென்சு தேவையில்லை.