நகரத்துக்குத் திரும்ப வேண்டிய கரை



திருகோணமலை என்றதும் வெளியூரார் துறைமுகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். 1,630 ஹெக்டேயர் நீர்ப்பரப்பு, 500 மீற்றர் அகலமான வாய், சுற்றிலும் மலை, எந்தப் பருவக்காற்றிலும் கப்பல் ஆடாமல் நிற்கும் ஆழம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தத் துறைமுகத்தின் ஓரத்தில் ஓர் ஊரும் இருக்கிறது. அங்கே சந்தை கூடுகிறது, பஸ் நிலையத்தில் சனம் நெரிகிறது, பிள்ளைகள் சைக்கிளில் பாடசாலைக்குப் போகிறார்கள். துறைமுகத்தைப் பற்றி எழுதியவர்களில் கால்வாசிப் பேர்கூட இந்த ஊரைப் பற்றி எழுதியதில்லை. இன்று நான் பேச வந்தது ஊரைப் பற்றி.

நகரம் இருக்கும் இடத்தை ஒருமுறை மனதில் வரைந்து பாருங்கள். கோணேசர் கோயில் நிற்கும் மலைமுனை கிழக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் வடக்கே ஒரு குடா, தெற்கே டச்சுக்குடா, மேற்குப் பக்கம் திரும்பினால் உட்துறைமுகம். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் தெரியும். இப்படி அமைந்த நகரம் இலங்கையில் அபூர்வம்.

கடல் தெரியும், ஆனால் எல்லா இடத்திலும் கரையில் கால் வைக்க முடியாது. மலைமுனையில் பிரெட்ரிக் கோட்டை, அதற்குள் இராணுவம். கோயிலுக்குப் போகிறவர்களும் கோட்டை வாசலுக்குள் நுழைந்துதான் போகவேண்டும். தெற்கே நீளும் நிலம் கடற்படைத் தளம். துறைமுக வாயைக் காத்த ஒஸ்டன்பேர்க் கோட்டை அதற்குள்தான் இருக்கிறது. எதிர்க்கரையான சீனன்குடாவில் விமானத் தளம், எண்ணெய்த் தாங்கிகள், மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை. ஊர் மக்களுக்கென்று மிஞ்சியிருப்பது டச்சுக்குடா மணல், உட்துறைமுக வீதியில் கொஞ்சத் தூரம், குடாவுக்கு அப்பாலுள்ள மூதூருக்கு லாஞ்ச் போன இறங்குதுறை, வடக்கே மீன்பிடிப் படகுகள் ஏற்றிவைக்கும் கரை. அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆனது? போர்த்துக்கீசர் 1620களில் கோயிலை இடித்து, அதன் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் நிதானமாக நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: வாசல் கல்லில் இரட்டை மீன் செதுக்கியிருக்கிறது, பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்து. பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள், 1782ல் கொஞ்சக் காலம் பிரெஞ்சுக்காரர் இருந்தார்கள், 1795ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். வந்த எல்லோருக்கும் துறைமுகம் வேண்டியிருந்தது, ஊர் வேண்டியிருக்கவில்லை. வியாபாரக் கப்பல்களுக்கு அலைதாங்கி கட்டிக் கொழும்பை வளர்த்தார்கள். திருகோணமலையைப் போர்க்கப்பல்களுக்கு ஒதுக்கிவைத்தார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டதும் அந்தக் காரணத்தால்தான். 1957ல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, அந்தத் தளத்தை நம்பிப் பிழைத்த பட்டறைக்காரன், சலவைக்காரன், கடைக்காரன், எழுதுவினைஞன் எல்லோருடைய வருமானமும் ஒரேயடியாக விழுந்தது. வேலி மட்டும் விழவில்லை. பின்னால் வந்த முப்பது வருடப் போர் அந்த வேலியை இன்னும் உயர்த்தியது.

இன்றைக்கும் திருகோணமலை அபிவிருத்தி என்றால் பெரிய கணக்குகள்தான் காதில் விழும். 99 எண்ணெய்த் தாங்கிகளில் 61ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் இந்திய நிறுவனமும் சேர்ந்து நடத்துவது, 14 இந்திய நிறுவனத்திடமே இருப்பது, 24 கூட்டுத்தாபனத்துக்கு என்று 2022 ஜனவரியில் ஒப்பந்தம் ஆனது. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் சேர்ந்து இங்கே எரிசக்தி மையம் அமைக்க உடன்பட்டன. அதற்கு முன்பு சிங்கப்பூர் நிறுவனமொன்று முழு மாவட்டத்துக்கும் பெருந்திட்டம் வரைந்தது. இவற்றை நான் எதிர்க்கவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன்: இவற்றில் எது மத்திய வீதியில் கடை வைத்திருப்பவரின் வாசலுக்கு முன்னால் ஒரு நடைபாதை போட்டுத் தரும்?

கரையை மக்களுக்குத் திறந்துவிட்ட ஊர்களும் உலகில் உண்டு. அமெரிக்காவின் தென்பகுதியில் சட்டனூகா என்று ஒரு நடுத்தர நகரம் இருக்கிறது, டென்னசி ஆற்றங்கரையில். ஒரு காலத்தில் இரும்பு உருக்கும் நகரம். 1969ல் நாட்டிலேயே காற்று மிகவும் கெட்ட நகரம் என்று பெயர் வாங்கியது. தொழிற்சாலைகள் மூடின, நகரின் நடுப்பகுதி வெறிச்சோடியது. 1984ல் நகரத்தவரைக் கூப்பிட்டு, உங்களுக்கு எப்படிப்பட்ட ஊர் வேண்டும் என்று கேட்டார்கள். ஏறக்குறைய 1,700 பேர் வந்து பேசினார்கள். 40 இலக்குகள் தேறின. ஆற்றை மறைத்துக் கிடந்த கரையைத் திறப்பது அவற்றில் முக்கியமானது. 1890களில் கட்டிய வால்னட் தெருப் பாலம் பழுதாகி 1978ல் மூடப்பட்டிருந்தது. இடிக்கத்தான் நினைத்தார்கள். மக்கள் விடவில்லை. 1993ல் அது நடப்பவர்களுக்கு மட்டுமான பாலமாகத் திறந்தது. மாலையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஊரே அங்கே நடக்கிறது. தென் கரோலினாவில் கிரீன்வில் என்ற துணி ஆலை நகரத்தில் இதைவிடத் துணிச்சலான காரியம் நடந்தது. நகரத்தின் நடுவே இருந்த நீர்வீழ்ச்சிக்கு மேலாக வாகனங்கள் ஓடிய பாலத்தை 2002ல் இடித்தே தள்ளினார்கள். இரண்டு வருடத்தில் அங்கே பூங்காவும் நடைப்பாலமும் வந்தன. தங்கள் ஊரில் இப்படியொரு நீர்வீழ்ச்சி இருப்பதை ஒரு தலைமுறை அப்போதுதான் கண்ணால் கண்டது.

சட்டனூகாவின் கதையில் நான் சொல்லாமல் விடக்கூடாத பகுதி ஒன்று இருக்கிறது. அந்த வால்னட் தெருப் பாலத்தில்தான் 1906ல் எட் ஜோன்சன் என்ற கறுப்பின மனிதரை ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துவந்து தூக்கிலிட்டது. பாலம் அழகாகி, பெருமையாகி, ஊரின் அடையாளமாகி வருடக்கணக்காக அந்தப் பெயர் அங்கே இல்லை. 2021ல்தான் பாலத்தின் தெற்கு முனையில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுந்தது.

நம்முடைய டச்சுக்குடாவுக்கு வருவோம். பின்னேரம் வெயில் சாய்ந்ததும் கடலை வண்டிகள் வரும். மூன்று மொழியும் அந்த மணலில் கலந்து கேட்கும். முக்காடு போட்ட தாய்மார், வெள்ளைச் சீருடை மாற்றாத மாணவிகள், கண்டியிலிருந்து வான் பிடித்து வந்த சிங்களக் குடும்பங்கள், வேலை முடித்து வந்த கச்சேரி உத்தியோகத்தர்கள், எல்லோரும் ஒரே அலையில் கால் நனைக்கிறார்கள். இந்த ஊரில் எல்லோருக்கும் பொதுவான வரவேற்பறை என்று ஒன்று இருக்குமானால் அது இந்த மணல்தான். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் இதே கரையில்தான். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் 2019ல் விடுவிக்கப்பட்டார்கள். யாருக்கும் தண்டனை இல்லை. கடற்கரையை அழகுபடுத்தும் எந்தத் திட்டமும் அந்த ஐந்து பிள்ளைகளுக்கும் அங்கே ஓர் இடம் வைக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஊர்ப் பெருமை என்பது மறந்துவிட்டு மின்விளக்கு பூட்டுவதல்ல.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த நகரத்தில் பொது இடத்தில் ஒரு சிலை வைப்பதே இடத்தைப் பிடிக்கும் அடையாளமாகிவிடுகிறது. 2005 மே மாதம் பஸ் நிலையப் பக்கம் ஓரிரவில் புத்தர் சிலை எழுந்தபோது ஹர்த்தாலில் ஊரே ஸ்தம்பித்தது. 2025 நவம்பரில் கடற்கரையில் மறுபடியும் அதே போன்ற இழுபறி. எல்லோரையும் கேட்டு வைத்தால் சிலை ஊருக்குச் சொந்தமாகும். இருட்டில் வைத்தால், எந்த மதத்துச் சிலையானாலும், பக்கத்து வீட்டுக்காரன் அதை அச்சத்தோடுதான் பார்ப்பான். மக்களை முன்கூட்டிக் கேட்பது அழகுக்காகச் செய்யும் சடங்கு அல்ல. திருகோணமலையில் அது அமைதிக்கான முதல் வேலை.

தாங்களே முயன்று ஒன்றை மீட்டெடுத்த அனுபவம் இந்த ஊருக்கு உண்டு. 1950ல் நகர சபை கிணறு வெட்டியபோது, மண்ணுக்குள் புதைந்திருந்த கோணேசர் கோயிலின் பழைய செப்புத் திருமேனிகள் வெளியே வந்தன. அவற்றை வைத்து ஊர் மக்கள் பணம் திரட்டி, கோயிலைத் திரும்பக் கட்டி, 1963ல் குடமுழுக்கு நடத்தினார்கள். கோயில் இடிந்து மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கொழும்பிலிருந்து யாரும் வந்து போட்ட திட்டமல்ல அது.

கோயிலைத் திரும்பக் கட்டிய அந்தக் கைகள்தான் இப்போது தெருவுக்கு வரவேண்டும். நகரத்தின் பழைய வீதிகளில் ஓட்டுக்கூரை போட்டு, மரத் தூண் நிறுத்தி, தெருவைப் பார்த்து விறாந்தை வைத்த வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. வருடா வருடம் ஒன்றிரண்டு இடிந்து அங்கே கண்ணாடி முகப்பு வைத்த கடை எழும்புகிறது. வீட்டுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஓடு மாற்றும் செலவு அவருக்குத்தான் தெரியும். சபை அந்த வீடுகளைப் பதிவு செய்து, சோலைவரியைக் குறைத்தால் போதும், பாதிப் பேர் இடிக்கமாட்டார்கள். ஒல்லாந்தர் காலக் கட்டடமொன்றைப் பழுதுபார்த்துக் கடல்சார் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் காலி கோட்டையைப் போல் ஆகிவிடக்கூடாது. 1988ல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய பிறகு அங்கே பழைய குடும்பங்கள் பல வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டன. அந்த வீடுகளில் இப்போது விலை உயர்ந்த ஹோட்டல்கள். அழகு இருக்கிறது, ஆட்கள் மாறிவிட்டார்கள்.

மான்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. கோட்டைக்குள்ளும் மக்ஹெய்சர் விளையாட்டரங்குப் பக்கமும் புள்ளிமான்கள் தெருநாய்களோடு சேர்ந்து திரிவதை வேறு எந்த நகரத்தில் பார்ப்பீர்கள்? காலையில் கடை திறக்கும் முன் அவை குப்பை மேட்டுக்கு வரும். சோற்றுப் பார்சலைக் கிழிக்கத் தெரியாது, பொலித்தீனோடு சேர்த்தே விழுங்கும். செத்த மான்களின் வயிற்றில் உருண்டையாகப் பொலித்தீன் கிடந்த செய்திகளை நீங்களும் வாசித்திருப்பீர்கள். ஊருக்கு அழகு சேர்க்கப் பணம் தேடுமுன், சந்தைக் குப்பையை மூடிய தொட்டிக்குள் போடவும், விடியுமுன் அள்ளவும் ஓர் ஒழுங்கு வந்தால் மான்களும் பிழைக்கும், மூக்கைப் பொத்திக்கொண்டு சந்தைக்குப் போகும் பெண்களுக்கும் நிம்மதி கிடைக்கும்.

உட்துறைமுகப் பக்கம் இறங்குதுறை ஒரு காலத்தில் மூதூர்ச் சனத்தால் நிரம்பி வழியும். 2009ல் கிண்ணியாப் பாலம் திறந்து, அடுத்து மற்றப் பாலங்களும் வந்த பிறகு, சனம் தரைவழியாகப் போகத் தொடங்கிவிட்டது. பாலம் வந்தது பெரும் நன்மை. ஆனால் அந்தத் துறையைச் சும்மா கிடக்க விடலாமா? இறங்குதுறையிலிருந்து டச்சுக்குடா வரை மரநிழலோடு, உட்கார வாங்கு போட்டு, சக்கர நாற்காலி போகும் அகலத்தில் ஒரு நடைபாதை. பெண்கள் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை. மூன்று மொழியிலும் அந்த இடத்தின் வரலாறு எழுதிய பலகை. இடையில் படையினர் வசமுள்ள துண்டு நிலங்களில் ஓரமாக ஒரு வழி விடும்படி கேட்பதும் இதில் அடங்கும். நிலாவெளிக்கும் புறாமலைக்கும் போகிற உல்லாசப் பயணிகள் நகரத்தில் ஒரு நேரத் தேத்தண்ணி குடிக்காமலே திரும்புகிறார்கள். இப்படி ஒரு கரை இருந்தால் அவர்களும் நிற்பார்கள். ஆனால் முதலில் அது ஊர்க்காரருக்காக இருக்கட்டும்.

நகர சபை இப்போது மாநகர சபை ஆகியிருக்கிறது. வருட முடிவில் அதன் வரவு செலவுத் திட்டம் வரும். நேயர்களில் திருகோணமலை வாசிகள் இருந்தால், அந்த நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடற்கரைக்கு எவ்வளவு, குப்பைக்கு எவ்வளவு, நடைபாதைக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எழுதியிராவிட்டால் உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. ஒரு தாளில் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.