பெயரைச் சொல்லாமல் அளவைச் சொல்லி பிஸ்டன் வாங்குவோம்

(தோட்ட இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேசப் போவது பிஸ்டனைப் பற்றி. "இது பாஸ்மாருடைய விஷயம், நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் லேண்ட்மாஸ்டர் என்று நாம் சொல்லுகிற இரண்டு சக்கர டிராக்டர் நமக்குப் புதியதல்ல. மரக்கறிப் பாத்தியும் வயலும் உழுவது அதுதான். பின்னால் டிரெய்லரைப் பூட்டினால் உரமும் விறகும் மூட்டையும் இழுப்பது அதுதான். சீட்டுக் கட்டிய காசைப் போட்டு, இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து பழைய மெஷின் ஒன்றை வாங்குவதும் உண்டு. அந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டும்போது பொருந்தாத பிஸ்டனைப் போட்டால், பிஸ்டன் காசு மட்டுமா போகும்? சிலிண்டரும் கொன்ரொட்டும் கிராங்கும் சேர்ந்தே போகும். 2022 இல் நமது ரூபாயின் மதிப்பு விழுந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து வரும் சாமான் ஒன்றைத் தப்பாக வாங்குவது சாதாரண நட்டம் அல்ல. ஆகவே இதை வீட்டிலுள்ள எல்லாரும் அறிந்திருப்பது நல்லது.

பாட்ஸ் கடைக்குப் போய் நாம் வழக்கமாக என்ன சொல்லுகிறோம்? "லேண்ட்மாஸ்டர் பிஸ்டன் ஒன்று தாங்க." லேண்ட்மாஸ்டர் என்பது ஒரு கம்பனி மெஷினின் பெயர். நம் நாட்டில் அது எல்லா இரண்டு சக்கர டிராக்டருக்கும் பெயராகிவிட்டது. அதன் மேலே ஜப்பான் எஞ்சினும் இருக்கலாம், சீன எஞ்சினும் இருக்கலாம். பழைய எஞ்சினைக் கழற்றி வேறொன்றைப் பூட்டியும் இருக்கலாம். எனவே பானட்டில் எழுதியிருக்கிற பெயரை நம்பக் கூடாது. எஞ்சினில் அடித்திருக்கிற தகட்டைத் துடைத்து, அதிலுள்ள எழுத்தையும் இலக்கத்தையும் கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சீன எஞ்சினில் அந்த இலக்கமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். எஸ் 195 என்றால், 1 என்பது ஒரு சிலிண்டர். 95 என்பது சிலிண்டர் வாயின் விட்டம் 95 மில்லிமீட்டர். எஸ் 1100 என்றால் ஒரு சிலிண்டர், விட்டம் 100. இரண்டிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 115 மில்லிமீட்டர்தான். ஆனால் ஒன்று 815 சீ.சீ., மற்றது 903 சீ.சீ. சிறிய எஞ்சின்களிலும் இப்படித்தான். ஆர் 175 இல் விட்டம் 75, ஆர் 180 இல் 80. ஓடும் தூரம் இரண்டிலும் 80. வெளியில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பிஸ்டனோ ஒன்றுக்கொன்று சேராது.

சரி, விட்டம் சரியாக இருந்தால் போதுமா? போதாது. நான்கு அளவுகள் பார்க்க வேண்டும்.

முதலாவது, விட்டம். பிஸ்டனை அளப்பது தலைப்பக்கத்தில் அல்ல. கீழ்ப்பாவாடைப் பக்கத்தில், பின் துளைக்குக் குறுக்காக அளக்க வேண்டும். தலைப்பக்கம் அதிகம் சூடேறி விரிவதால் அதைக் கொஞ்சம் சிறிதாகவே செய்திருப்பார்கள். சிலிண்டரை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், இடத்துக்கு இரண்டு திசையாக அளக்க வேண்டும். தேய்மானம் மேல் ரிங் ஓடும் இடத்தில்தான் கூட இருக்கும்.

இரண்டாவது, கஜன் பின்னின் தடிப்பும் நீளமும். பின் மாறினால் கொன்ரொட் புஷ்ஷும் மாற வேண்டி வரும்.

மூன்றாவது, பின்னின் நடுவிலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். உயரம் கூடினால் பிஸ்டன் வால்வில் அல்லது ஹெட்டில் இடிக்கும். குறைந்தால் அமுக்கம் குறையும். எஸ் 195 எஞ்சினில் காற்று ஏறத்தாழ 20 இல் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது. உயரம் ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் அந்த 20 ஏறத்தாழ 17 ஆகிவிடும். டீசல் எஞ்சினில் நெருப்புப் பொறி இல்லை. அமுக்கிய காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றும் மெல்லியது, விடியற்காலைக் குளிரும் கடுமை. கீழ்நாட்டில் எப்படியோ ஸ்டார்ட் ஆகும் எஞ்சின், நமது ஊரில் கையை ஒடிக்க வைக்கும்.

நான்காவது, தலையின் உருவமும் ரிங் காடிகளும். ஹெட்டில் தனி அறை உள்ள எஞ்சினின் பிஸ்டன் தலையில் ஆழமில்லாத பள்ளம்தான் இருக்கும். நேரடியாக டீசல் பாயும் எஞ்சினின் பிஸ்டனில் ஆழமான கிண்ணம் இருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் டீசல் ஒழுங்காக எரியாது. ரிங்குகளின் எண்ணிக்கை, தடிப்பு எல்லாம் காடிக்குச் சரியாக இருக்க வேண்டும். நிறையையும் தராசில் பாருங்கள். ஒரு சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் நிறை மாறினால் கைப்பிடியில் நடுக்கம் கூடும்.

எஸ் 195 போன்றவற்றில் லைனரைக் கழற்றி மாற்றலாம். லைனர், பிஸ்டன், பின், ரிங் எல்லாம் ஒரே செட்டாகக் கிடைக்கும். அதை வாங்குவதே புத்தி. லைனரின் ரப்பர் வளையங்களையும் மாற்றுங்கள். இல்லையென்றால் தண்ணீர் ஒயிலுக்குள் இறங்கும்.

லைனர் இல்லாத பழைய பெற்றோல், மண்ணெண்ணெய் எஞ்சின்களில் சிலிண்டரையே லேத்தில் பெருப்பிக்க வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் பெரும்பாலும் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் கூடுதலாக வரும். அந்த இலக்கம் தலையிலேயே அடிக்கப்பட்டிருக்கும். இங்கே ஒரு விதியை மறக்க வேண்டாம்: பிஸ்டன் கைக்கு வராமல் சிலிண்டரைப் பெருப்பிக்கக் கூடாது. "முதல்ல போர் பண்ணுவோம், பிஸ்டன் பிறகு தேடலாம்" என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். பிஸ்டனை லேத்காரரிடம் கொடுத்து, அதற்கேற்ற இடைவெளி விட்டு வெட்டச் சொல்லுங்கள்.

அந்த எஞ்சினின் பிஸ்டன் எங்குமே கிடைக்கவில்லையா? மேலே சொன்ன நான்கு அளவுகளையும் எழுதி, பழைய பிஸ்டனையும் கையோடு கொண்டு போங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கடைக்காரரிடம் வாகனத்தின் பெயரைச் சொல்லாமல் அந்த அளவுகளைக் காட்டுங்கள். வேறு எஞ்சினின் பிஸ்டன் சேரக்கூடும். சிலிண்டர் அதிகம் தேய்ந்திருந்தால் உள்ளே ஸ்லீவ் அடித்து, கிடைக்கிற பிஸ்டனின் அளவுக்கு வெட்டலாம். விட்டத்தை லேத்தில் சரிப்படுத்தலாம். ஆனால் உயரம் பிழைத்த பிஸ்டனை ராவித் தேய்த்துப் போடாதீர்கள். தலை மெலிந்தால் ஓட்டை விழும்.

பூட்டும் முன் இரண்டு சோதனை. ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை பீலர் கேஜால் அளவுங்கள். எஞ்சின் புத்தகம் இல்லாவிட்டால், 95 மில்லிமீட்டர் சிலிண்டருக்கு 0.4 அளவில் இருக்கலாம் என்பது பொதுக் கணக்கு. இடைவெளியே இல்லாவிட்டால் சூட்டில் ரிங் முட்டி உடையும். அடுத்து, பிஸ்டன் தலையில் மெல்லிய ஈயக் கம்பித் துண்டை வைத்து, ஹெட்டை இறுக்கி, எஞ்சினைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கழற்றிப் பார்த்தால் நசுங்கிய ஈயத்தின் தடிப்பே மேலே மிச்சமுள்ள இடைவெளி. எங்காவது இறுகினால் பலமாகச் சுற்றாதீர்கள்.

பிள்ளைகளே, இதற்கெல்லாம் பெரிய படிப்பு தேவையில்லை. வேர்னியர் வாசிக்கத் தெரிய வேண்டும், புள்ளி போட்ட கணக்குத் தெரிய வேண்டும். இரண்டும் பாடசாலையில் சொல்லிக் கொடுப்பதுதான். புத்தகம் ஆங்கிலத்திலோ சீனத்திலோ இருக்கலாம். இலக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான். பாஸை நாம் குறை சொல்லவில்லை. நல்ல பாஸ் அளவைக் கேட்டால் சந்தோஷப்படுவார். வேலை முடிந்ததும் பழைய பிஸ்டனைக் கேட்டு வாங்கி வையுங்கள். போட்ட அளவைத் திகதியோடு எழுதி வையுங்கள். எயார் கிளீனரைத் துப்புரவாக வைத்திருங்கள். தூசிதான் புதுப் பிஸ்டனையும் தின்னும்.

தாய்மாரே, காசு கொடுக்கும் முன் நீங்களும் கேளுங்கள்: "அளந்தீங்களா? எவ்வளவு?" அந்த ஒரு கேள்வி நமது காசைக் காப்பாற்றும்.