மக்காச்சோளமும் இருவகை உரமும்



தானியப் பயிர்கள் பலவற்றுள்ளும், மண்ணின் சாரத்தை மக்காச்சோளத்தைப் போல் அத்துணை விரைவாகவும் அத்துணை மிகுதியாகவும் கவர்ந்துகொள்ளும் பயிரைக் காண்பது அரிது. மெக்ஸிகோ தேசத்திலே புராதன காலத்தில் தோன்றி, கடல்வழி வாணிபம் பெருகிய பின்னரே பாரத தேசத்தை எட்டிய இப்பயிர், இன்று பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல் மாவட்டங்களிலும், விளாத்திகுளம், கோவில்பட்டி முதலிய கரிசற் பூமியிலும், உடுமலைப்பேட்டை வட்டாரத்திலும், முன்னர்ப் பருத்தியும் கம்பும் விளைந்த நிலங்களையெல்லாம் தன்னுடையனவாக்கிக்கொண்டு, நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் அளிக்கும் பிரதானப் பயிராக விளங்குகின்றது. இத்தகைய பயிருக்கு எருவை இடுவதா, இரசாயன உரத்தை இடுவதா என்ற விவாதம் நெடுங்காலமாக நடந்துவருகிறது. இரண்டையும் இணைத்து இடும் முறையையோ, இரு தரப்பினரும் ஒரு சமரசம் என்றே கருதிவிடுகிறார்கள். அது சமரசம் அன்று, தன்னளவில் பூரணமானதொரு கலை என்பதையே இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஜெர்மானிய இரசாயன நிபுணர் ஹேபர், காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிக் காட்டி, யூரியா யுகத்திற்கு வழிதிறந்த 1909-ஆம் ஆண்டிலேயே, நமது கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரிப் பண்ணையில், ஒரே பாத்திக்கு ஆண்டுதோறும் ஒரே வகை உரத்தையே இட்டு, அதன் பலனை இடைவிடாமல் கவனித்துவரும் நிரந்தர உரப் பரிசோதனை தொடங்கப்பெற்றது. மானாவாரி நிலத்தில் ஆரம்பித்த அம்முயற்சிக்குத் துணையாக, 1925-இல் பாசன நிலத்திலும் மற்றொன்று ஏற்பட்டது. பின்னர் 1970-களில் அகில இந்திய அளவில் நெடுங்கால உரப் பரிசோதனைகள் நிறுவப்பட்டபோது, கோவையிலே கேழ்வரகும் மக்காச்சோளமும், ஹிமாசலப் பிரதேசத்துப் பாலம்பூரிலே மக்காச்சோளமும் கோதுமையும் மாறிமாறிப் பயிராயின. பாலம்பூரின் அமிலத்தன்மை வாய்ந்த மலைச்சாரல் மண்ணில், தழைச்சத்து உரத்தை மட்டுமே தொடர்ந்து பெற்றுவந்த பாத்திகளில், மண்ணின் அமிலம் ஆண்டுக்காண்டு ஏறி, மக்காச்சோள விளைச்சல் காலப்போக்கில் அறவே அற்றுப்போயிற்று. மூன்று பேரூட்டச் சத்துகளையும் அளவோடு பெற்று, அவற்றோடு தொழு உரத்தையும் பெற்ற பாத்திகளோ சலியாமல் விளைந்து வந்தன. ஒரு போகத்தைக் கண்டு தீர்மானிக்கக்கூடாத விஷயத்திற்கு, தலைமுறைக் கணக்கில் மண்ணே அளித்த சாட்சியம் இது.

இரண்டும் ஏன் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பாசன வசதியுள்ள நிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளத்திற்கு ஏக்கருக்கு 100 கிலோ தழைச்சத்தும், மணிச்சத்தும் சாம்பல் சத்தும் முப்பது முப்பது கிலோவும், அவற்றுடன் 5 டன் தொழு உரமும் பரிந்துரைக்கப்படுகின்றன. ஒரு டன் தொழு உரத்தில் அடங்கிய தழைச்சத்து சுமார் 5 கிலோதான். ஆகவே 5 டன்னில் 25 கிலோ உண்டென்றாலும், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் முதற்போகத்தில் பயிருக்குக் கிட்டும். எஞ்சியது நுண்ணுயிர்களின் உடலிலும் மக்கிலும் தங்கியிருந்து, பின்வரும் போகங்களுக்கே மெல்ல மெல்லக் கசியும். எருவை மட்டுமே நம்பி 100 கிலோவை ஈடுசெய்ய முனைந்தால், ஏட்டுக்கணக்கின்படியே ஏக்கருக்கு 20 டன் வேண்டும். அத்துணை எருவை எந்தத் தொழுவம் அளிக்கும்? யூரியாவோ, நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து கொண்டதாகலின், நான்கைந்து மூட்டைகளில் அதே அளவைத் தந்துவிடுகிறது. ஆயினும் அதற்கு மண்ணிலே தங்கும் குணம் இல்லை. ஈரமும் வெப்பமும் கண்டால் காற்றில் கலந்தும், மழை மிகுந்தால் நீரோடு கீழிறங்கியும் விரயமாகின்றது.

இங்கேதான் காலம் என்னும் அம்சம் குறுக்கிடுகிறது. மக்காச்சோளம் முளைத்த முதல் மூன்று வாரங்களில் மிகச் சிறிதே உண்கிறது. முழங்கால் உயரம் எட்டிய நாள்முதல் ஆண்பூங்கொத்து வெளிவரும் வரையிலான நான்கு வாரங்களில்தான், தனக்கு வேண்டிய சத்தின் பெரும்பகுதியை அவசரமாக இழுத்துக்கொள்கிறது. எரு தனது நிதானத்தைப் பயிரின் அவசரத்திற்காக மாற்றிக்கொள்ளாது. மண்ணின் வெப்பத்தையும் ஈரத்தையும் அனுசரித்தே அது சிதையும். ஆதலால் தழைச்சத்தில் காற்பங்கை அடியுரமாகவும், பாதியை 25-ஆம் நாளிலும், மீதிக் காற்பங்கை 45-ஆம் நாளிலும் மேலுரமாக இட்டு மண் அணைக்க வேண்டும் என்று வகுத்த முறை, பயிரின் பசிக்கும் உரத்தின் வேகத்திற்கும் பொருத்தம் கண்ட முறையாகும். எரு மண்ணைப் போஷிக்கிறது, இரசாயன உரம் பயிரைப் போஷிக்கிறது. முன்னது குடும்பத்தின் நிலபுலன் போன்றது, பின்னது கைச்செலவுப் பணம் போன்றது. நிலபுலன் இருந்தும் கையிற் காசில்லாதவன் வேளைக்கு இடர்ப்படுகிறான். காசு மட்டுமே உள்ளவனோ அது தீர்ந்த மறுநாளே வறியவனாகிறான்.

எரு செய்யும் உபகாரத்தைத் தழை, மணி, சாம்பல் என்ற கணக்கினால் மட்டும் அளந்துவிட முடியாது. மக்கிய எருவின் நுண்பொருள், இட்ட அம்மோனியாவையும் சாம்பல் சத்தையும் பற்றி வைத்திருந்து, வேர் கேட்கும்போது விடுவிக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த கரிசல் மண்ணில் சூப்பர் பாஸ்பேட்டின் மணிச்சத்து, சுண்ணாம்போடு பிணைந்து பயிருக்கு எட்டாமற்போகும் இயல்புடையது. எரு சிதையும்போது உண்டாகும் அங்கக அமிலங்கள் அப்பிணைப்பைத் தளர்த்துகின்றன. இளம் இலைகளில் நரம்போரமாக வெளுத்த பட்டை தோன்றச் செய்யும் துத்தநாகக் குறைவுக்கும், ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்ஃபேட் இடுவதோடு, எருவின் துணையும் இருந்தால்தான் பூரண குணம் உண்டாகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, மானாவாரியில் மழை பத்து நாள் தவறினாலும், எருவுண்ட மண் ஈரத்தை இன்னும் சிறிது காலம் தாங்கி நிற்கும். ஈரம் இல்லாத மண்ணில் இட்ட யூரியாவால் யாதொரு பயனும் இல்லை.

இக்கலையின் நுட்பம் மிக அழகாக வெளிப்படும் இடம் ஒன்று உண்டு. மானாவாரி விவசாயிக்கு ஐந்து டன் எரு கிட்டுவது அரிது. அவருக்கென்றே நமது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வகுத்துள்ளது, ஊட்டமேற்றிய தொழு உரம் என்னும் முறை. ஏக்கருக்குச் சுமார் 300 கிலோ நன்கு மக்கிய எருவைப் பொடியாக்கி, அந்நிலத்திற்கு வேண்டிய சூப்பர் பாஸ்பேட் முழுவதையும் அதனோடு கலந்து, பிடித்தால் பிடிபடும் பதத்திற்கு நீர் தெளித்து, நிழலிலே குவித்து, சேறு பூசி மூடி, ஒரு மாத காலம் வைத்திருந்து, பின்னர் விதைப்பின்போது இடுவார்கள். எரு குறைவாயினும், மணிச்சத்து மண்ணில் சிறைப்படுவதற்கு முன்னரே எருவோடு இயைந்துவிடுவதால், இரண்டும் தனித்தனியே தரவியலாத பலனைச் சேர்ந்து தருகின்றன. இணைத்தல் என்றால் இதுதான். ஒரு கூடை எருவை இட்டுவிட்டு, அதன்மேல் ஒரு மூட்டை உரத்தை வீசுவது இணைத்தலாகாது.

இணைப்பில் நேரக்கூடிய பிழைகளையும் சொல்லவேண்டும். மக்காத சாணத்தையும் சருகையும் விதைப்புக்கு முன் இட்டால், அவற்றைச் சிதைக்கப் புறப்படும் நுண்ணுயிர்கள், மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே உண்டுவிட, இளம்பயிர் அடியிலை நுனியிலிருந்து நடுநரம்போரமாக மஞ்சளித்துப் பட்டினி கிடக்கும். ஆகவே எரு நன்கு மக்கி, கடைசி உழவிலே மண்ணோடு கலந்திருத்தல் அவசியம். மேலுரமாகிய யூரியாவை ஈரமண்ணில் வெளியே விட்டுவிடாமல், செடியோரம் இட்டு உடனே மண் அணைத்து மூடவேண்டும். அசோஸ்பைரில்லம் முதலிய நுண்ணுயிர் உரங்களை இரசாயன உரத்தோடு கலந்து வைத்தல் கூடாது. எருவோடே கலந்து தூவ வேண்டும். எரு இட்டிருக்கிறோமே என்ற திருப்தியில் மேலுரத்தைத் தவறவிடுவதும், மேலுரம் இருக்கிறதே என்ற தைரியத்தில் எருவைக் கைவிடுவதும் ஒருங்கே தீங்கானவை. இவற்றுள் இன்று மிகுந்து காணப்படுவது பின்னதே.

அதற்குக் காரணம் விவசாயியின் அசிரத்தை அன்று. கால்நடைகள் குறைந்தன, உழவுமாடு போய் டிராக்டர் வந்தது, எரு அள்ளவும் சுமக்கவும் ஆகும் கூலி ஏறிற்று. அரசாங்க மானியத்தால் யூரியா மலிவாகக் கிட்டுவதும், அது இட்ட ஒருவாரத்தில் இலை கரும்பச்சை அடைவதும், அளவுக்கு மீறி இடத் தூண்டுகின்றன. ஆயினும் வழிகள் அடைபட்டுவிடவில்லை. அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போடும் பழைய வழக்கத்தைக் கரிசற் சீமையில் இன்றும் காண்கிறோம். கிடை போட்ட புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குச் சிறந்த ஊட்டம். சணப்பையையும் தக்கைப்பூண்டையும் விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். மக்காச்சோளத் தட்டையில் மாட்டுக்குப் போக மிகுந்ததை எரிக்காமல் மக்கவைக்கலாம். நம் மக்காச்சோளத்தைத் தின்று வளரும் கோழிகளின் எச்சம், தென்னைநார்க் கழிவோடு சேர்ந்து மக்கி, மறுபடியும் அந்நிலத்திற்கே வருமாயின், மண்ணிலிருந்து சென்ற சாரத்தில் ஒரு பகுதி மண்ணுக்கே மீளும்.

எனவே, புரட்டாசிப் பட்டத்திற்கு விதை வாங்க எண்ணும் நேயர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுண்டு. உரக்கடைக்குச் செல்வதற்கு முன்னரே, கோடையிலேயே மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பி, குப்பைக்குழியில் எவ்வளவு எரு தேறும் என்று அளந்து, அது தரும் சத்தைக் கழித்துக்கொண்டு, மீதிக்கு மட்டுமே இரசாயன உரம் வாங்குங்கள். இம்முறையின் வெற்றியை இவ்வாண்டு மகசூலால் மட்டும் மதிப்பிடாதீர்கள். நான்கைந்து ஆண்டுகள் கழித்து, அதே மகசூலுக்கு முன்னைவிடக் குறைந்த யூரியா போதுமானதாக இருக்கிறதா என்று பாருங்கள். போதுமானதாக இருந்தால், உங்கள் மண் வளர்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள்.