ஞாயிற்றுக்கிழமை மட்டும் பல் விளக்கலாமா?

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: வேலை மிகுந்த குடும்பத்தில் வீட்டைத் தூய்மையாக வைத்திருக்கப் பெரிதும் உதவுவது வாரக் கடைசித் துப்புரவா? அன்றாடக் கால்மணி நேரமா? 'அன்றாடக் கால்மணி நேரமே' என்ற அணியில் ஆற்றிய உரை.)

நல்ல தமிழால் எங்களைக் கட்டிப் போட்டு, மணி அடித்து அவிழ்த்தும் விடுகிற நடுவர் அவர்களே! வாளியும் விளக்குமாறுமாக வந்து எதிரே அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! அரங்கத்திலே இருக்கிற பெரியோர்களே! கூடத்திலே கிடக்கிற துணியை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்திலே உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே, ஐயாமார்களே! (சிரிப்பு, கைதட்டல்)

எனக்கு முன்னாலே பேசிய எதிரணிச் சகோதரி என்ன சொன்னாங்க? "விடியக் காலையிலே அஞ்சு மணிக்கு எழுந்து, மூணு டிபன் பாக்ஸ் கட்டி, பஸ்ஸைப் பிடிச்சு, ஆபீசுக்குப் போயி, ராத்திரி வந்து விழுந்தாப் போதும்னு இருக்கு. இதிலே தினம் வீட்டைச் சுத்தம் பண்ண நேரம் ஏது? ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் எல்லாத்தையும் இழுத்துப் போட்டுச் செஞ்சா முடிஞ்சு போச்சு" அப்படின்னாங்க. அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன். அந்தச் சகோதரியின் களைப்பு உண்மை. ஆனால் அவங்க வந்து சேர்ந்த முடிவுதான் பிழை.

சகோதரி, ஒரே ஒரு கேள்வி. ஆறு நாளும் நேரமில்லைன்னு பல் விளக்காம இருந்துட்டு, ஞாயிற்றுக்கிழமை ஏழு நாளைக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் விளக்கினால் சரியாப் போகுமா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

ஏன் போகாது? அழுக்கு சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை நடுவர் அவர்களே, அது இறுகிக்கொண்டே இருக்கும். அடுப்பிலே தெறித்த எண்ணெயை அன்றைக்கு ராத்திரியே துடைத்தால் ஒரு ஈரத்துணி போதும். ஒரு வாரம் விட்டால்? சூடும் தூசியும் சேர்ந்து பிசினாகிவிடும். அப்புறம் கம்பி நார் வேணும், தோள்பட்டை வேணும், கடைசியிலே தைலமும் வேணும். குளியலறையைப் பாருங்க. போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். தண்ணீர் காய்ந்து போகும், உப்பு காயாது. சுவரிலே, குழாயிலே வெள்ளை வெள்ளையாகப் படியும். குளித்து முடித்ததும் ஒரு நிமிஷம் தண்ணீரை வழித்துத் தள்ளினால் கறையே இல்லை. விட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அரைநாள் உட்கார்ந்து சுரண்ட வேண்டியதுதான். கரப்பான் பூச்சி இருக்கிறதே, அது ராத்திரியிலே நடமாடுகிற ஜீவன். "சிங்க்கிலே எச்சில் பாத்திரம் கிடக்கட்டும், சனிக்கிழமை ராத்திரி கழுவிக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், அது தினமும் விருந்துக்கு வந்துவிட்டுப் போகும். (சிரிப்பு)

இதெல்லாம் சின்ன விஷயம். நான் சொல்ல வந்த பெரிய விஷயம் ஒன்று உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமைத் துப்புரவு இருக்கிறதே, அதைச் செய்வது யார்? குடும்பமே செய்யும் என்று எதிரணி சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

2022 ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், வங்கியிலே வேலை பார்க்கிற என் துணைவியார், எண்பது வயதைத் தொட்ட என் தாயார், கல்லூரியிலே படிக்கிற மகள், பன்னிரண்டாம் வகுப்பிலே மகன். அன்றைக்குப் பெரிய துப்புரவு. மகளுக்குத் தேர்வு. மகனுக்குக் கிரிக்கெட். எனக்கு வெளியூரிலே பட்டிமன்றம். தலைப்பு என்ன தெரியுமா நடுவர் அவர்களே? பெண்ணின் பெருமை! (சிரிப்பு)

நான் மேடையிலே நாற்பது நிமிஷம் பெண்ணின் பெருமையைப் பேசினேன். கைதட்டல் வாங்கினேன். பொன்னாடை வாங்கினேன். அதே நேரத்திலே அங்கே வீட்டிலே அந்தப் பெண், ஸ்டூல் மேலே ஏறி மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்டூலைப் பிடிக்க ஆள் இல்லை. தவறி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

பொன்னாடையோடு நான் வீட்டுக்குள்ளே நுழைகிறேன். கையைக் கழுத்திலே கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கேட்டது என்ன தெரியுமா? "என்னங்க, சாப்பிட்டீங்களா?" (அரங்கில் அமைதி) அந்தப் பொன்னாடை என் தோளிலே முள்ளாகக் குத்தியது ஐயா.

மறுநாள் காலை. வீட்டைத் துடைக்கலாம் என்று கிளம்பினேன். தரை துடைக்கிற மாப் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. தொல்காப்பியத்திலே எந்தச் செய்தி எந்த அதிகாரத்திலே இருக்கிறது என்று தூக்கத்திலே கேட்டாலும் சொல்லுவேன். என் வீட்டு மாப் எந்த மூலையிலே இருக்கிறது என்று தெரியாது! (கைதட்டல்)

அந்த ஆறு வாரத்திலேதான் எங்கள் வீட்டுக் கால்மணி நேரம் பிறந்தது. என்ன செய்தோம்? முதல் விதி: ராத்திரி சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். அப்புறம் ஆளுக்கு ஒரு இடம். சமையல் மேடையும் அடுப்பும் என் பொறுப்பு. அடுப்படியைப் பெருக்கி, மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வைப்பது மகன். கூடத்தைப் பெருக்கித் துடைப்பது மகள். என் தாயார் உட்கார்ந்த இடத்திலேயே துணி மடிப்பார்கள். ஒரு கை ஆகாத என் துணைவியார் மறு கையால் மறுநாளைக்குக் காய் பொறுக்கி வைப்பார். காலையிலே எழுந்தவர் தன் போர்வையைத் தானே மடிக்கணும். கடைசியாகக் குளிக்கிறவர் குளியலறைத் தண்ணீரை வழித்துத் தள்ளணும். எல்லாம் சேர்த்து ஆளுக்குக் கால்மணி நேரம். அவ்வளவுதான்!

பொருளுக்கெல்லாம் ஒரு இடம் வைத்தோம். இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எங்கள் அம்மாவின் அஞ்சறைப் பெட்டிதான். கடுகுக்கு ஒரு அறை, சீரகத்துக்கு ஒரு அறை. எந்தத் தாயாவது "கடுகைக் கண்டாயா, கடுகைக் கண்டாயா" என்று வீடு முழுக்கத் தேடியது உண்டா? ஆனால் சாவியைத் தேடாத அப்பா உண்டா? (சிரிப்பு)

எதிரணி நண்பர் ஒருவர், "போகியை மறந்தீர்களா? வருஷத்துக்கு ஒரு நாள் வெள்ளையடித்து, பழையதைக் கழித்து, ஒட்டுமொத்தமாகத் துப்புரவு செய்தவன் அல்லவா தமிழன்" என்று கேட்டார். மறக்கவில்லை ஐயா. போகி ஒரு நாள். ஆனால் அதே தமிழன் வீட்டுப் பெண், வருஷம் முழுவதும் விடியலிலே வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாளே, அது எத்தனை நாள்? அந்த அன்றாடம் இல்லாமல் உங்கள் போகி ஒரு நாளிலே முடியுமா? ஒன்பது நாள் ஆகும்! (கைதட்டல்) வாரம் ஒரு நாள் செய்ய வேண்டியதும் உண்டு, நான் மறுக்கவில்லை. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு, தேங்கின நல்ல தண்ணீரிலே முட்டையிட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாளிலே கொசுவாகப் பறக்கும். அதனாலே பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலே உள்ள தட்டு, கொல்லையிலே கிடக்கிற ஆட்டுக்கல் குழி, இதையெல்லாம் வாரம் ஒரு முறை கொட்டிக் காய வைக்கணும். ஆனால் அதுகூடப் பத்து நிமிஷ வேலைதானே? அதற்கு எதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பலி கொடுக்கணும்?

"வேலைக்கு ஆள் வைத்தால் போச்சு" என்றார் இன்னொருவர். வையுங்கள், நல்ல சம்பளம் கொடுங்கள். ஆனால் அந்த அம்மாவுக்கும் காய்ச்சல் வரும். பெருக்குவதற்கு அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். மத்திய அரசு 2019 ஆம் ஆண்டிலே, மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுக்க ஆய்வு செய்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையிலே, சமையலும் சேர்த்து, வேலை செய்த பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் உழைக்கிறார்கள். வேலை செய்த ஆண்கள் 97 நிமிஷம். மறுபடி 2024 ஆம் ஆண்டிலே ஆய்வு. பெண்கள் 289 நிமிஷம். பத்து நிமிஷம் குறைந்தது. சரி, அந்தப் பத்து நிமிஷத்தை ஆண்கள் வாங்கிக்கொண்டார்களா என்று பார்த்தேன். ஆண்கள் 88 நிமிஷம்! அம்மா பத்தைக் குறைத்தால் நாங்களும் ஒன்பதைக் குறைத்துக்கொண்டோம்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

எங்கள் வீட்டுக் கணக்கைக் கேளுங்கள். ஐந்து பேர், ஆளுக்குக் கால்மணி. மொத்தம் 75 நிமிஷம். இந்த 75 நிமிஷத்தையும் ஒருத்தியே தினமும் செய்தால் வருஷத்துக்கு 456 மணி நேரம். அதாவது முழுசாக 19 நாள். சோறு தண்ணி இல்லாமல், கண் மூடாமல், 19 பகலும் 19 இரவும்! பிரித்துக்கொண்டால் ஒரு பாட்டுக் கேட்கிற நேரத்திலே பாதி வேலை முடிந்து போகிறது. பெரிய வேலை எப்போதும் ஒருவர் தலையிலே விழும் நடுவர் அவர்களே. சின்ன வேலைதான் எல்லார் கையிலும் பிரியும். எங்கள் அணியின் வாதமே இதுதான்.

1901 ஆம் ஆண்டு, கல்கத்தா காங்கிரஸ் மாநாடு. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஓர் இளம் வழக்கறிஞர் அங்கே கழிப்பிடங்கள் இருந்த நிலையைப் பார்த்துத் தொண்டர்களிடம் சொன்னார். அது எங்கள் வேலை இல்லை, துப்புரவாளர் வேலை என்றார்கள். அவர் ஒரு துடைப்பம் கேட்டு வாங்கினார். மாநாடு முழுவதையும் அவரால் சுத்தம் செய்துவிட முடியவில்லை. தான் பயன்படுத்துகிற இடத்தைத் தானே சுத்தம் செய்துகொண்டார். அவர்தான் காந்தியடிகள். ஆளுக்கு ஒரு இடம் என்று நான் சொன்னதும் அதுதான்.

தமிழிலே 'துப்புரவு' என்று ஒரு சொல். இன்றைக்கு அதற்குச் சுத்தம் என்று பொருள். திருக்குறளிலே வள்ளுவர் இதே சொல்லை, நாம் அனுபவிக்கிற பொருள் என்ற பொருளிலே ஆளுகிறார். இரண்டு பொருளையும் சேர்த்துப் பாருங்கள். எவன் அனுபவிக்கிறானோ, அவன் சுத்தம் செய்ய வேண்டும்! ஒருவர் துப்புரவு செய்ய, நான்கு பேர் அனுபவித்துக்கொண்டிருந்தால் அது வீடு இல்லை ஐயா, விடுதி! (கைதட்டல்)

மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. கடைசியாக ஒன்று. ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டோம். கை சரியாகிவிட்டதே! மகன் எழுந்து போனான். மகள் போனாள். நானும் எழுந்து கூடத்துக்குப் போய்விட்டேன். ஆறு வாரப் பழக்கம் ஒரே நிமிஷத்திலே பறந்தது. என் துணைவியார் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் வலுவில்லாத அந்தக் கையாலே ஐந்து தட்டையும் அடுக்க ஆரம்பித்தார்.

அப்போது என் தாயார் கூப்பிட்டார்கள். "தம்பி, இங்க வா. தப்பு உன் மேல இல்லப்பா. நீ சின்னப் பிள்ளையா இருக்கறப்போ தட்டை எடுக்கப் போனே. 'ஆம்பிளைப் பிள்ளை நீ எதுக்கு எடுக்கிறே, வச்சிட்டுப் போ'ன்னு சொன்னவ நான்தான். இப்ப நானே சொல்றேன். தட்டை எடு."

எடுத்தேன். பின்னாலேயே மகன் வந்து எடுத்தான். மகள் வந்தாள். அன்றைக்கு எடுத்த தட்டு, இன்றைக்கு வரைக்கும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் வீடு அரண்மனை மாதிரி இருக்கிறதென்று சொல்ல மாட்டேன். திடீரென்று விருந்தாளி வந்தால் கதவைத் திறக்க யாரும் தயங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என் துணைவியார் மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்குகிறார். அவரோடு வாழ்ந்த இத்தனை வருஷத்திலே நான் அதற்கு முன்பு பார்க்காத காட்சி அது.

இந்த நிகழ்ச்சியைப் பார்க்கிற வீடுகளிலே இன்றைக்கு ராத்திரி ஒரே ஒரு தட்டு கூடுதலாகக் கழுவப்பட்டால் போதும். ஆகவே நடுவர் அவர்களே, வீட்டைத் தூய்மையாக வைப்பதும், வீட்டிலே இருக்கிறவர்களைத் தேயாமல் காப்பதும் அன்றாடக் கால்மணி நேரமே என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன்.