சுவர் நமது, மனை யாருடையது?



போன வருடம் ஐப்பசி மாதம், ராத்திரி பத்தரை மணி. பர்மிங்ஹாமில் இருக்கும் என் அக்கா மகன் போன் செய்தான். சாப்பிட்டாயா, மழை உண்டா என்று எதுவும் இல்லை. எடுத்ததும், "மாமா, பிள்ளையார்பாளையத்துத் தாத்தா வீட்டுல என் பேர் எங்கயாவது இருக்கா?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடல் தாண்டிப் போன பிள்ளை ராத்திரியில் கூப்பிட்டுத் தாத்தா வீட்டைப் பற்றிக் கேட்டால், பாகம் கேட்கிறான் என்றுதானே யாருக்கும் தோன்றும்?

விஷயம் வேறு. அவன் அங்கே ஒரு ஃபிளாட் வாங்குகிறான். இங்கிலாந்தில் முதன்முதலாக வீடு வாங்குகிறவருக்கு 3 லட்சம் பவுண்டு வரை முத்திரை வரி கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை. அதற்கு முன் உலகத்தில் எந்த மூலையிலும் அவர் பேரில் வீடு இருந்திருக்கக் கூடாது. பரம்பரையாக வந்த வீடும் கணக்கில் சேரும். அதனால் அவனுடைய வக்கீல் கேட்டிருக்கிறார். பர்மிங்ஹாமில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டை விசாரிக்கிறார் பாருங்கள்.

"இல்லடா. அது உங்கம்மாவும் நானும் பாதிப் பாதி. அவ பங்கு அவ பேர்ல. அவ எழுதிக் கொடுத்தாத்தான் உனக்கு" என்றேன். அப்பாடா என்று போனை வைத்தான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நான் சொன்னது பாதி பதில். அந்த வீட்டில் எங்களுடையது சுவரும் கூரையும். கீழே இருக்கும் மனை சாமியுடையது.

எங்கள் தாத்தா அந்த வீட்டை வாங்கியது கார்த்திகையில். வேண்டுமென்றே மழைக்காலமாகப் பார்த்துத்தான் போனாராம். காஞ்சிபுரத்து நெசவு வீட்டில் கூடத்துத் தரையில் குழி இருக்கும். நெய்கிறவர் அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிப்பார். மழைக்காலத்தில் அந்தக் குழியில் ஊற்றெடுத்தால் தொழில் படுத்துவிடும். பட்டுப் பாவுக்கு ஈரம் ஆகாது. பாட்டி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள்ளேயே இறங்கிவிட்டாளாம். நான்கு பக்கச் சுவரையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாளாம். ஒரு மூலையில் உப்புப் பூத்திருந்தது. அதைக் காட்டி விலையில் கொஞ்சம் குறைத்தும் விட்டாள். அப்புறம் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி ஏற்ற உத்திரம் போதிய உயரத்தில் இருக்கிறதா, காலையில் பாவு விரிக்கத் தெருவில் நீளம் இருக்கிறதா என்று பார்த்தாள். இங்கிலாந்தில் இந்த வேலைக்கென்றே படித்த நிபுணர் உண்டு. கூரை, ஈரம், விரிசல் எல்லாம் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பார். அக்கா மகன் நூற்றுக்கணக்கில் பவுண்டு கொடுத்து வாங்கிய அந்த அறிக்கையிலும் குளியலறைச் சுவரில் ஈரம் என்று ஒரு வரி இருந்தது. பாட்டி இதைச் சும்மா செய்தாள்.

சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு மனை கோயிலுடையது என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். தெருவில் பலருக்கும் அதே கதைதான். கோயிலுக்கு அடிமனை வாடகை கட்டிக்கொண்டு, மேலே தம் செலவில் கட்டிய வீட்டில் இருப்பார்கள். விற்கும்போது கட்டடத்தை மட்டும் விற்பார்கள். காஞ்சிபுரம் கோயில்களின் ஊர். ஊருக்கு நடுவிலேயே இப்படிப்பட்ட மனைகள் உண்டு. அந்தக் காலத்தில் இது ஒரு குறையாகவே யாருக்கும் தோன்றவில்லை.

இன்றைக்கு வாங்கப் போகிறவர்கள் இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1959-ஆம் வருடத்து இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, கோயில் சொத்தை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. செய்தால் செல்லாது. வாடகையை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும் சட்டத்தில் இடமிருக்கிறது. பத்திரப் பதிவுத் துறையின் கணினியில் கோயில் நிலத்து சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பைப் பூஜ்ஜியம் என்று வைத்துவிடுவார்கள். அதைப் பார்த்தாலே பத்திர எழுத்தர் பேனாவை மூடிவிடுவார். மனை சொந்தம் இல்லையென்றால் வங்கியும் கடன் தராது.

எங்களுக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம், வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தார். சான்று சுத்தமாக இருந்தது. இருக்கத்தானே செய்யும்? சாமி மனையை விற்கவில்லை, அடகு வைக்கவில்லை, வில்லங்கம் எங்கிருந்து வரும்? நகர நில அளவைப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே யார் பேர் இருக்கிறது என்று ஒரு நாள் போய்ப் பார்த்திருந்தால் போதும். அட்வான்ஸைத் திரும்ப வாங்க அவர் ஒன்றரை வருடம் நடந்தார்.

வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத உயிலைக் காட்டாது. கையெழுத்துப் போடாத தங்கையைக் காட்டாது. தமிழ்நாட்டில் 1989 மார்ச்சிலிருந்தே, அதற்குள் கல்யாணமாகாத பெண்ணுக்கும் பிதுரார்ஜித சொத்தில் பையனுக்குச் சமமான பங்கு உண்டு. 2005-இல் நாடு முழுவதும் எல்லாப் பெண்களுக்கும் அது வந்தது. பழைய நெசவு வீடு விலைக்கு வந்தால், விற்கிற அண்ணன் தம்பிகளை எண்ணுவதற்கு முன்னால் கட்டிக்கொடுத்த பெண்களை எண்ணுங்கள்.

அக்கா மகனுக்கு இந்தத் தலைவலி இல்லை. அங்கே அரசாங்கமே, இந்த மனை இன்னாருடையது என்று பதிவேட்டில் எழுதி அதற்குப் பொறுப்பும் ஏற்கிறது. தப்பாகப் போனால் நஷ்ட ஈடு உண்டு. நம்முடைய 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம் பத்திரத்தைத்தான் பதிவு செய்கிறது, உரிமையை அல்ல. அதனால்தான் இங்கே வக்கீல் மூலப்பத்திரத்திலிருந்து முப்பது வருடத்துக் கதையைத் தோண்ட வேண்டியிருக்கிறது. இவ்வளவுக்கும் நாம் கட்டுவது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம்.

அவனுக்கு வந்தது வேறு தலைவலி. விலை பேசி முடித்து, விற்கிறவர் சரி என்று சொன்ன பிறகும் மூன்று மாதம் எதுவும் நிச்சயமில்லை. இரண்டு பக்கத்து வக்கீல்களும் ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளும் நாள் வரை யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம். அன்றைக்குத்தான் பத்து சதவீதம் போல முன்பணம் போகும். விற்கிறவர் தனக்கு வேறு வீடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்குக் காத்திருந்தார். அக்காவுக்கு இது புரியவே இல்லை. "வெத்தல பாக்கு மாத்தி, கை நீட்டி அட்வான்ஸ் வாங்காம என்னடா பேச்சு அது?" என்று தினம் கேட்டாள்.

நடுவில் ஒருநாள் அவனே தயங்கித் தயங்கிச் சொன்னான். "அம்மா, ஃபிளாட்டுதான் நம்மளுது. தரை வேற ஒருத்தருது. 125 வருஷக் குத்தகை, அதுல 104 பாக்கி. வருஷா வருஷம் தரைக்கு 250 பவுண்டு கட்டணும்."

அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சிரித்தாள் பாருங்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "ஏண்டா, அங்கயும் அடிமனை வாடகையா? இதுக்கா பிளேன் ஏறிப் போன?"

அங்கே இந்தத் தரை வாடகை பல நூறு வருடப் பழக்கம். 2022 ஜூன் 30 முதல் எழுதப்படும் புதிய குத்தகைகளில் அதை வாங்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. இவன் வாங்குவது பழைய குத்தகை, கட்டித்தான் ஆக வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் குத்தகையைப் பேர் மாற்றி விற்கலாம், அதன் பேரில் வங்கிக் கடனும் கிடைக்கும். அதனாலேயே அங்கே அது சொத்து. நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்கும் காகிதத்தில் இவ்வளவு பிடிமானம் கிடையாது. கோயில் சொத்து கைமாறாமல் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் குடியிருப்பவருக்கும் நீண்ட கால எழுத்து ஒன்று வேண்டும் என்பது என் எண்ணம்.

சொந்த மனை என்றால் நம் பக்கத்து ஆட்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு குடவோலைத் தேர்தலின் விதிகளைச் சொல்கிறது. நிற்பவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். அத்தோடு சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்கவும் வேண்டும். நானும் அக்காவும் அன்றைக்கு நின்றிருந்தால் ஓலை உள்ளேயே போயிருக்காது.

சொல்ல மறந்துவிட்டேன். காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில் போன்றவை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அவற்றின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது, பழுது பார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கு அடுத்த 200 மீட்டரிலும் கட்டுவதற்கு அனுமதி வேண்டும். பட்டா உங்கள் பேரிலேயே இருந்தாலும் இதுதான் நிலை. மாடி எடுக்கலாம் என்று நினைத்துப் பழைய வீடு வாங்குகிறவர்கள் முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவன் கையில் சாவி வந்தது. ராகு காலம் முடிந்துதான் உள்ளே போக வேண்டும் என்று அக்கா சொல்ல, எந்த ஊர் ராகு காலம் என்று அவன் கேட்க, அதற்கு எங்களிடம் பதில் இல்லை. பால் காய்ச்சினான். பொங்கி வழிந்து புகை கிளம்பியதும் கூரையில் இருந்த புகை மணி வீல் என்று கத்தியது. செருப்பால் அடித்து அதை நிறுத்தினானா, பொத்தானை அமுக்கினானா என்பதை அவன் இன்றுவரை சொல்லவில்லை.

அதே வாரம் அக்கா மஞ்சள் பையில் பணத்தை எடுத்துக்கொண்டு கோயில் அலுவலகத்துக்கு அடிமனை வாடகை கட்டப் போனாள். நானும் கூடப் போனேன். ரசீது வந்தது. வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். குடியிருப்பவர் என்ற இடத்தில் தாத்தா பேர். அவர் போய் முப்பத்தொரு வருடம் ஆகிறது. அக்கா ரசீதை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். "வா, இட்லி சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றாள்.